வீட்டில் ஹாஸ்பிஸ் கவனிப்பு: மார்ஃபின் பாட்டிலும் மூன்று பேர் கையும்

ஜூன் 3, காலை (கேள்வி)

அப்பாவுக்கு இனி புற்றுநோய் சிகிச்சை வேண்டாம், வலியில்லாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகிவிட்டது. நேற்று நர்ஸ் வந்து ஒரு பை நிறைய மருந்து வைத்துவிட்டுப் போனார். அதில் கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் பாட்டில் இருக்கிறது. கண்ணில் விடும் சொட்டு மருந்து ஒன்றும் இருக்கிறது, அதை வாயில் விட வேண்டுமாம். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் வேறு. நான், அம்மா, தம்பி மூவரும் மாறி மாறிப் பார்க்கிறோம். அம்மாவுக்கு மார்ஃபின் என்று சொன்னாலே கை நடுங்குகிறது. எப்படிச் சமாளிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 9.20

மாமியாரைக் கடைசி வரை வீட்டில் வைத்துப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு எத்தனை மி.லி. என்று இங்கே யாரிடமும் கேட்காதீர்கள், அது உங்கள் மருந்துச் சீட்டில் இருக்கிறது.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். போனில் குறித்துக்கொள்கிறேன் என்று தம்பி சொல்வார், ஒப்புக்கொள்ளாதீர்கள். போன் அவரோடு வெளியே போய்விடும், நோட்டு கட்டிலோடு கிடக்கும். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பல பேர் கைமாறும் வீட்டில் நான் அதிகம் பயந்தது "நீ கொடுத்திருப்பேன்னு நினைச்சேன்" என்ற பேச்சுக்குத்தான். இரண்டு தடவை கொடுப்பதும் அதனால் நடக்கும், ஒரு தடவைகூடக் கொடுக்காமல் விடுவதும் அதனால் நடக்கும்.

எங்கள் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

இரவு 2.10. மார்ஃபின் 5 மி.கி., அதாவது 2.5 மி.லி. திரும்பிப் படுக்கும்போது இடுப்பில் வலி, பத்துக்கு 7. கொடுத்தது நாத்தனார். 2.50க்கு வலி 3, கண் அசந்துவிட்டார்.

அந்தக் கடைசித் துண்டை எழுதத்தான் எல்லாருக்கும் சோம்பல். நர்ஸ் வந்ததும் முதலில் படிப்பதோ அதைத்தான். மருந்து போதுமா, கூட்டணுமா, மாற்றணுமா என்பது அதில் தெரிந்துவிடும். அப்புறம், கொடுத்த பிறகுதான் எழுத வேண்டும். முன்கூட்டியே எழுதி வைத்தால், அவர் துப்பிவிட்டாலும் உள்ளே போனதாகவே நோட்டு சொல்லும்.

ஜூன் 3, இரவு 9.50

மி.கி., மி.லி. இரண்டையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மார்ஃபின் திரவம் ஒரே ஸ்ட்ரெங்த்தில் வருவதில்லை. 5 மி.லி.யில் 10 மி.கி. இருக்கும் பாட்டில் உண்டு. 1 மி.லி.யிலேயே 20 மி.கி. இருக்கும் பாட்டிலும் உண்டு. பத்து மடங்கு வித்தியாசம். 5 மி.கி. கொடுக்க முதல் பாட்டிலிலிருந்து 2.5 மி.லி. எடுக்க வேண்டும், இரண்டாவதிலிருந்து வெறும் 0.25 மி.லி. "அஞ்சு குடு" என்று ஒருவர் சொல்லி, மற்றவர் அதை மி.லி. என்று எடுத்துக்கொண்டால் எங்கே போய் முடியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் வீட்டில் யாரும் வெறும் "அஞ்சு" என்று சொல்லக் கூடாது என்று ஒரு சட்டமே போட்டுவிடுங்கள்.

நர்ஸ் அடுத்த முறை வரும்போது, ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்சில் அவர் முன்னாலேயே மருந்தை இழுத்துக் காட்டுங்கள். அவர் சரி என்றதும் அந்தக் கோட்டின் மேல் அழியாத மையில் ஒரு கோடு. மூன்று பேரும் அதே கோடு வரை இழுத்தால் போதும். வீட்டு ஸ்பூன் கிட்டவே வரக் கூடாது, ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒரு கொள்ளளவு. புதுப் பாட்டில் வந்தால் பழையதைப் போலவே இருந்தாலும் லேபிளைப் படித்துவிட்டு, கோட்டையும் மறுபடி சரிபாருங்கள்.

ஜூன் 4, காலை

அம்மாவின் நடுக்கத்தைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போயிற்று.

மார்ஃபினைக் கடைசிக் கட்டத்துக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, வலி தாங்காமல் கத்தும்போது மட்டும் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கட்சி இருந்தது, தலைவர் என் வீட்டுக்காரர். ஆனால் வலி ஏறி உச்சிக்குப் போன பிறகு அதை இறக்க மருந்தும் அதிகம் வேண்டும், நேரமும் அதிகம் பிடிக்கும். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் வற்புறுத்தியது இதைத்தான்: வலி திரும்புவதற்கு முன்பே அடுத்த டோஸ் உள்ளே போக வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 1986-ல் புற்றுநோய் வலிக்கான வழிகாட்டுதலில் 'வாய்வழியாக, கடிகாரப்படி' என்றே சொன்னது. சாதாரண மார்ஃபின் திரவம் அரை மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பிக்கும், ஒரு மணி நேரத்தில் உச்சம், நாலு மணி நேரம் போலத் தாங்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று சீட்டில் எழுதுவது அதனால்தான்.

நடுவில் வலி குத்தினால் கொடுக்க ஒரு கூடுதல் டோஸும் எழுதியிருப்பார்கள். பொதுவாக ஒரு நாள் மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்கு வரை இருக்கும். உங்கள் சீட்டில் அது இல்லையென்றால் இன்றைக்கே போன் செய்து கேளுங்கள், நடுராத்திரியில் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கூடுதல் டோஸ் அடிக்கடி தேவைப்பட்டால் வழக்கமான டோஸ் பற்றவில்லை என்று அர்த்தம். அதைக் கூட்டுவது டாக்டர் வேலை, நம் வேலை எண்ணி வைப்பது.

முதல் இரண்டு மூன்று நாள் தூங்கி வழிவார், குமட்டலும் இருக்கலாம். பெரும்பாலும் அடங்கிவிடும். அடிமையாகிவிடுவாரா என்று அம்மா கேட்பார். வலிக்கு அளந்து கொடுப்பது வேறு, போதைக்குத் தேடுவது வேறு என்று நர்ஸ் வாயாலேயே சொல்ல வையுங்கள். நாம் சொன்னால் வீட்டில் எடுபடாது.

ஜூன் 4, மதியம்

முக்கியமானதை மறந்தேன். மலச்சிக்கல்!

குமட்டலும் தூக்கமும் பழகிப்போகும், இது பழகாது. மார்ஃபின் ஆரம்பிக்கும் நாளிலேயே சென்னா, பிசாகோடில், லாக்டுலோஸ் என்று மலமிளக்கி ஏதாவது ஒன்றும் கூடவே ஆரம்பித்திருக்க வேண்டும். பையில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நார்ச்சத்துப் பொடியை நீங்களாகக் கரைத்துக் கொடுக்காதீர்கள். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அது உள்ளேயே இறுகிக்கொள்ளும்.

நோட்டில் இதற்கும் ஒரு இடம் வேண்டும். மாமியார் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு "என் மானம் மரியாதை எல்லாம் இதுலதான் இருக்கா" என்றார். ஆனால் மூன்று நாள் போகவில்லை என்பதைப் பக்கத்தைப் புரட்டிக் கண்டுபிடித்ததும் அவர்தான். வயிறு உப்பி, அமைதியில்லாமல் புரண்டால் வலி கூடிவிட்டது என்று மார்ஃபினை ஏற்றுவதற்கு முன்னால் கடைசியாக என்றைக்குப் போனார் என்று பாருங்கள்.

ஜூன் 5, இரவு

கண் சொட்டு மருந்து விஷயம். நீங்கள் சொல்வது அட்ரோபினாக இருக்கும், சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டத்தில் எச்சிலை விழுங்க முடியாமல் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். அதைக் குறைக்க இரண்டொரு சொட்டு நாக்கின் அடியில் விடச் சொல்வார்கள். கண்ணுக்குத் தயாரித்த மருந்துதான், லேபிளிலும் அப்படியே இருக்கும். கடைக்காரர் தப்பாகக் கொடுத்துவிட்டதாக நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

இதிலுள்ள வம்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். வறண்ட கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தும் அதே உயரம், அதே வெள்ளை மூடி. இரண்டும் ஒரே தட்டில் நின்றன. எங்கள் நர்ஸ் பார்த்த மாத்திரத்தில் அட்ரோபினைத் தனி உறையில் போட்டு, 'வாய்க்கு மட்டும்' என்று சிவப்பு மையில் எழுதி வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டார். கண்ணில் விட்டால் கண்பாப்பா விரிந்து நாள்கணக்கில் பார்வை மங்கிக் கிடக்கும்.

ஜூன் 7

"இனி எதற்குப் பழைய மாத்திரைகள், எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி.

கொழுப்புக்கான ஸ்டாட்டின் பத்து வருஷம் கழித்து வரப்போகும் மாரடைப்பைத் தடுக்கும் மருந்து. இப்போது விழுங்குவதே பாடாக இருக்கும்போது அது எதற்கு என்று கேட்பது நியாயம். 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆயுள் ஓராண்டுக்குள் என்று கணிக்கப்பட்ட 381 பேரில் ஒரு பகுதியினருக்கு ஸ்டாட்டினை நிறுத்திப் பார்த்தார்கள். 60 நாளில் இறந்தவர்கள் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நிறுத்தியவர்களின் வாழ்க்கைத் தரம் கொஞ்சம் மேலாகவே இருந்தது. விட்டமின் மாத்திரைகளுக்கும் இதே கதைதான்.

ஆனால் சட்டென்று நிறுத்தக் கூடாதவையும் அதே டப்பாவில் கிடக்கும். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, சில இதய மாத்திரைகள். ஆகவே டப்பாவை அப்படியே டாக்டர் முன்னால் கொட்டி, ஒவ்வொன்றாக "இது வேண்டுமா" என்று கேளுங்கள். ஸ்டீராய்டு இருந்தால் காலையிலேயே கொடுத்துவிடலாமா என்றும் கேளுங்கள். சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பார், கூடவே நீங்களும்.

சுகர் மருந்து தனிக் கவலை. சாப்பாடு குறைந்த பிறகும் பழைய அளவிலேயே இன்சுலினோ மாத்திரையோ போனால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, குழப்பம், மயக்கம் எல்லாவற்றையும் நோயின் கணக்கில் எழுதிவிடுவோம். சாப்பாடு குறைய ஆரம்பித்த வாரமே இதைக் கேட்டுவிட வேண்டும்.

ஜூன் 7, பின்குறிப்பு

பாராசிட்டமால் எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, டிராமடால் என்ற வலி மருந்தோடு சேர்ந்து வரும் மாத்திரை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது மேல் எல்லை. உடல் மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

ஜூன் 9

விழுங்க முடியவில்லை, பொடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலதைப் பொடிக்கலாம், சிலதைப் பொடிக்கவே கூடாது. பன்னிரண்டு மணி நேரம், இருபத்து நாலு மணி நேரம் என்று மெதுவாகக் கரையும் மார்ஃபின் மாத்திரையைப் பொடித்தால் அரை நாளுக்கான மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல். போல ஏதாவது இருந்தால் உலக்கையைக் கீழே வையுங்கள். இப்படி எழுத்து எதுவும் இல்லாமலும் மெதுவாகக் கரையும் மாத்திரைகள் உண்டு என்று இங்கே ஒரு பார்மசிஸ்ட் சுட்டிக்காட்டினார். அதனால் எதையும் பொடிப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். திரவம், நாக்கின் அடியில் கரைவது, ஆசனவாய் வழி வைப்பது, தோலுக்கடியில் பம்ப் என்று வேறு வழிகள் இருக்கின்றன.

நாக்கின் அடியில் வைக்கும் மருந்துக்கு ஒரு சின்ன விஷயம். வாய் காய்ந்திருந்தால் அது அப்படியே கிடக்கும். ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்துவிட்டு வையுங்கள். திரவத்தைக் கன்னத்தின் உட்பக்கம் சொட்டுச் சொட்டாக, தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு. மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றினால் புரையேறும்.

ஜூன் 12, காலை

தோலில் ஒட்டும் வலி மருந்துப் பேட்ச் ஒட்டப்போகிறார்கள் என்றால் இதை நிதானமாகப் படியுங்கள். ஃபென்டனில் பேட்ச் பார்க்க ஒன்றுமே இல்லை, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் மாதிரி இருக்கும். அதனாலேயே யாருக்கும் பயம் வருவதில்லை. மார்ஃபினுக்கு நடுங்கிய என் வீட்டுக்காரர் இதை வெறுங்கையால் பிய்த்துக் குப்பைக் கூடையில் போடப் போனார். ஃபென்டனில் மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமானது.

பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒன்று. ஒட்டியதும் வேலை செய்யாது, முழுதாகப் பிடிக்க அரை நாளிலிருந்து ஒரு நாள் ஆகும். அதுவரை எந்த மருந்தைத் தொடர வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள். எடுத்ததும் நின்றுவிடவும் செய்யாது. தோலுக்கடியில் சேர்ந்திருப்பதால் இரத்தத்தில் அளவு பாதியாகக் குறையவே 17 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கலாம். கொஞ்சம் அதிகமாகிவிட்டதே என்று பிய்த்து எறிந்த கையோடு நிம்மதியாகப் படுத்துவிட முடியாது.

புதுசு ஒட்டும்போது பழையதைத் தேடி எடுக்க வேண்டும். முதுகில், தோளுக்குப் பின்னால், மடிப்பில் எங்காவது மறைந்திருக்கும். நாங்கள் ஒரு உடம்புப் படம் வரைந்து, எங்கே என்றைக்கு ஒட்டினோம் என்று புள்ளி வைத்தோம். நாத்தனார் வரைந்த படம், ஆள் மாதிரியும் இல்லை, ஆமை மாதிரியும் இல்லை, ஆனால் வேலைக்கு ஆயிற்று. பேட்ச் மேலேயே தேதியும் நேரமும். தோலை வெறும் தண்ணீரால் துடைத்தால் போதும், சோப்பும் எண்ணெயும் வேண்டாம்.

ஜூன் 12, மாலை

சூடு! அதை விட்டுவிட்டேன். வெந்நீர்ப் பை, மின்சாரப் போர்வை, அடுப்புச் சூடு எதுவும் பேட்ச் மேல் படக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போகும். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், எனவே காய்ச்சலென்றால் நர்ஸுக்கு ஒரு போன். பேட்ச்சைக் கத்தரிக்கவும் கூடாது.

கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்துவிட வேண்டும். பழைய பேட்ச்சிலும் மருந்து கணிசமாக மிச்சமிருக்கும். கீழே கிடந்ததை எடுத்து ஒட்டிக்கொண்ட, வாயில் போட்ட சிறு குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் தாத்தாவைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போன பிறகு பேட்ச் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜூன் 15

பூட்டு. சின்ன டப்பா, சின்னப் பூட்டு. இது வீட்டாரைச் சந்தேகிப்பது என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். எங்களிடம் பார்க்க வந்த ஒரு பெரியவர், நல்ல மனிதர்தான், "எனக்கும் முதுகு வலி உசிரு போகுது, ரெண்டு மாத்திரை குடும்மா, அவ்வளவு இருக்கே" என்று கேட்டார். பழக்கமில்லாத உடம்புக்கு அந்த இரண்டு மாத்திரை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. "எண்ணிக் கொடுத்திருக்காங்க மாமா, நர்ஸ் கணக்கு கேப்பாங்க" என்றேன். அதோடு விட்டுவிட்டார். கணக்கு இருப்பதில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது.

சாவி இரண்டு பேரிடம் மட்டும். ராத்திரி முறைக்காரரிடம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். தினம் ஒரு நேரத்தில் பாட்டிலின் மட்டத்தைப் பார்த்து எழுதுங்கள். மருந்து தீர மூன்று நாலு நாள் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். விடுமுறை நாளில் மார்ஃபினுக்குச் சீட்டு வாங்க அலைவதைப் போல வேதனை இல்லை.

ஜூன் 20, இரவு

நீங்கள் எழுதியதைப் படித்தேன். கை கால் வெடுக் வெடுக்கென்று துள்ளுகிறது, தூக்கம் கூடியிருக்கிறது, சிறுநீர் குறைவு. இங்கே காத்திருக்காதீர்கள், இப்போதே அவர்களது இரவு எண்ணுக்குப் பேசுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் மார்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கும், அதற்கு இப்படி அறிகுறி உண்டு. அளவைக் குறைப்பதோ வேறு மருந்துக்கு மாற்றுவதோ அவர்கள் சொல்வார்கள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஜூன் 21

நல்லது, மருந்தை மாற்றியது கேட்டு நிம்மதி. மற்றவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்: உலுக்கிக் கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே, கண்பாப்பா ஊசிமுனை அளவு என்றால் அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே போன். மூச்சு கொஞ்ச நேரம் நின்று, பிறகு வேகமாக எழுந்து, மறுபடி அடங்குவது வேறு. கடைசி நாட்களில் மருந்தே இல்லாதவர்களுக்கும் அப்படி வரும். எது எது என்று வீட்டில் உட்கார்ந்து நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டுவிட்டால் போயிற்று.

ஜூன் 28

"கடைசி டோஸ் நான்தான் கொடுத்தேன்" என்று அம்மா சொல்லி அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து போகும் வீட்டில், எந்த நேரத்தில் உயிர் பிரிந்தாலும் அதற்கு முன் நாலு மணி நேரத்துக்குள் யாரோ ஒருவர் மருந்து கொடுத்திருப்பார். வலிக்கேற்ப அளந்து, படிப்படியாகக் கூட்டிய மார்ஃபின் சாவை முன்னே இழுப்பதில்லை என்பது நோய்த்தணிப்பு மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. எங்கள் வீட்டில் நாத்தனாருக்கு இதே பேச்சு. நர்ஸ் நோட்டை விரித்து, அந்த இரவின் டோஸும் நாலு நாள் முந்தைய டோஸும் ஒன்றேதான் என்று விரலை வைத்துக் காட்டினார். அதற்கப்புறமும் அழுதார், ஆனால் அந்த வார்த்தையைச் சொல்வதை விட்டுவிட்டார். அம்மாவிடம் நோட்டைக் காட்டச் சொல்லி உங்கள் நர்ஸைக் கேளுங்கள். நீங்கள் காட்டினால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பார்.

ஜூலை 2

மிச்ச மருந்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இறந்தவர் உடம்பில் பேட்ச் இருந்தால் நர்ஸே எடுத்துவிடுவார், இல்லையென்றால் நினைவுபடுத்துங்கள். மார்ஃபின், ஃபென்டனில், பதற்றத்துக்குக் கொடுக்கும் லோராசிபாம், மிடசோலம் எல்லாவற்றையும் அவர் முன்னால் எண்ணி, மிச்சம் எவ்வளவு என்று எழுதி, இரண்டு பேர் கையெழுத்து. திருப்பிக் கொடுப்பதா, அங்கேயே அழிப்பதா என்பது ஊருக்கு ஊர் சட்டத்தைப் பொறுத்தது, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். இன்னொரு நோயாளிக்கு உதவுமே என்று நீங்களாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள், நல்லெண்ணம் இருந்தாலும் கட்டுப்பாட்டு மருந்தில் அது வழக்கில் போய் நிற்கும். சாதாரண மாத்திரைகளை மருந்துக் கடையில் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேட்கலாம். அதற்கும் வழியில்லாவிட்டால் அட்டையிலிருந்து பிரித்து, மண்ணோடு கலந்து, உறையில் கட்டிக் குப்பையில். காலிப் பாட்டில்களின் லேபிளில் அப்பாவின் பெயரும் மருந்தின் பெயரும் இருக்கும், கிழித்துவிட்டுப் போடுங்கள்.